நாலடி ரேழியும் பதினைந்து இஞ்ச் அலமாரியும்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே உள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 43. வீட்டிலேயே மாலையில் டியூஷன் எடுக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவரின் தாத்தா கட்டிய பழைய வீடு. இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளோடு ஒட்டிய சுவர். கிரில் போட்ட திண்ணை, ரேழி (வாசக்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள குறுகிய நடை), கூடம், முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்), பின்கட்டு ஓடு. முன்கட்டில் இவர்கள், இரண்டாம் கட்டில் கொழுந்தனார் குடும்பம். கொல்லைப் பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு வழி உண்டு; ஐப்பசி பிறந்தால் அதில் கால் வைக்க முடியாது. ஆக, எல்லோருக்கும் போக வர இந்த ரேழிதான்.

ரேழியின் அகலம் 4 அடி, நீளம் 16 அடி. ராத்திரியில் ஸ்கூட்டர் அங்கேதான் நிற்கிறது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒரு மூலையில். மின் மீட்டர் அங்கே. வயலுக்கு வாங்கிய யூரியா மூட்டை இரண்டு. மாலையானால் டியூஷன் பிள்ளைகள் 14 பேரின் செருப்பும் பையும். போன ஆடியில் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன 76 வயது மாமியார், வாக்கர் பிடித்துக்கொண்டு சாயங்காலம் திண்ணைக்கு வந்து உட்கார்வதும் இதே வழியில்.

சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது. ஆசாரி ஒருவர், ஒரு பக்கச் சுவர் முழுக்க 10 அடி நீளத்துக்கு, 15 இஞ்ச் ஆழத்தில், தரையிலிருந்து உச்சி வரை மூடு அலமாரி அடித்துத் தருவதாகச் சொல்லி 10,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். அதற்குள்ளேயே இன்வெர்ட்டரையும் மீட்டரையும் மறைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. டவுனில் உள்ள இன்டீரியர் கடைக்காரர், எதிர்ச் சுவரில் பிவிசி பேனல், ஆளுயரக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங், தரையில் பளபளக்கும் டைல்ஸ் என்று ஒரு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு மாடம் குடைந்து தஞ்சாவூர் படம் வைக்க வேண்டும் என்பது வாசகியின் நெடுநாள் ஆசை. கணவர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி ரேழியிலேயே சார்ஜ் போடப் போகிறாராம். ஓர்ப்படி (கொழுந்தனாரின் மனைவி), “நாங்க எப்படிப் போறது வர்றது?” என்று கேட்டதில் கொஞ்சம் மனஸ்தாபம். “பட்டா என் கணவர் பெயரில் இருக்கிறது, அவர்கள் எப்படித் தடுக்க முடியும்? இந்த நெருக்கடியான ரேழியை அழகாகவும் உபயோகமாகவும் மாற்ற என்ன வழி? அத்தைக்காக வாசலில் சாய்தளம் கட்டலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில் நீங்கள் வரைந்து அனுப்பிய படம் ரொம்பவே உதவியது. ஆசாரியின் அலமாரி, கடைக்காரரின் கண்ணாடி, ஸ்கூட்டர் எல்லாம் அளவோடு இருக்கின்றன. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது: கதவு. வாசக்கதவு இரட்டைக் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உள்பக்கம் திறந்து எங்கே போய் நிற்கிறது என்பது படத்தில் இல்லை. ஆசாரியும் அதைப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ரேழியில் என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருப்பதில் முக்கால்வாசியை வெளியேற்றினால் போதும், வைக்க வேண்டியது கொஞ்சம்தான் என்பது என் பதில். இப்படிச் சொல்வதற்கு அழகுணர்ச்சி காரணம் இல்லை. உங்கள் ரேழியின் அகலம், அதன் சுவர், அதில் நடக்கிறவர்கள் மூன்றும் சேர்ந்து அதைத்தான் சொல்கின்றன.

அளவு என்ன சொல்கிறது

4 அடி என்றால் 48 இஞ்ச். அதில் 15 இஞ்ச் அலமாரிக்குப் போனால் மிச்சம் 33. அத்தைக்குக் கைப்பிடி ஒன்று அவசியம் (அதைப் பின்னால் சொல்கிறேன்). அது சுவரிலிருந்து மூன்றரை இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் இருபத்தொன்பதரை. சாதாரண வாக்கரின் அகலமே ஏறக்குறைய 2 அடி. வாக்கரோடு அத்தை நடக்கும்போது எதிரே ஒரு பிள்ளை பையோடு வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்க வேண்டும். பின்வாங்கக்கூடியவர் அத்தை இல்லை. அலமாரிக் கதவை யாராவது திறந்து வைத்திருந்தால் வழியே அடைபட்டது என்று அர்த்தம். பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் 36 இஞ்சாவது தடையில்லாமல் வேண்டும்.

அடுத்தது கதவு. இந்த மாதிரி வீடுகளில் இரட்டைக் கதவின் ஒவ்வொரு பலகையும் சுமார் ஒன்றே முக்கால் அடி இருக்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் பக்கச் சுவர்களை ஒட்டிப் போய் நிற்கும். ரேழியின் முதல் 2 அடிச் சுவர் கதவுக்குச் சொந்தம். அங்கே எதை வைத்தாலும் கதவு பாதியில் நிற்கும், கட்டில், பீரோ, அரிசி மூட்டை எதையும் உள்ளே கொண்டுவர முடியாது. கூடத்துப் பக்கம் உள்ள கதவுக்கும் இதே கணக்கு. 16 அடி நீளத்தில் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது 12 அடிதான்.

அளவு எடுக்கும்போது ஒரே இடத்தில் டேப் வைத்துப் பார்த்துவிட்டு நாலடி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பழைய சுவர் தூக்குக்கு நேராக நிற்பது அபூர்வம். தரையோரம், இடுப்பு உயரம், தலை உயரம் என்று மூன்று இடத்தில், ரேழியின் முன்னும் நடுவிலும் பின்னும் எடுங்கள். எது எல்லாவற்றிலும் குறைவோ அதுதான் உங்கள் ரேழியின் அகலம். இரண்டு இஞ்ச் குறைந்தால்கூட மேலே சொன்ன கணக்கு இன்னும் இறுகிவிடும்.

சுவர் என்ன சொல்கிறது

போன வருஷம் இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தீர்கள், இப்போது அந்தப் பூச்சுக்கு மேலே ஓர் அடி உயரத்தில் உப்புப் பூத்துப் பொரிகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

நம் பக்கத்து வண்டல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், பிறகு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால், தை வரைக்கும் அஸ்திவாரம் காய்வதில்லை. அந்தக் காலத்துச் செங்கல் சுண்ணாம்புச் சுவரில் ஓதம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஈரம் செங்கல் வழியாக ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகும். ஏறுவதும் காய்வதும் சமமாக நடந்ததால்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் நின்றது. சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற பெயின்ட் அடித்தபோது காயும் வழியை அடைத்துவிட்டீர்கள். ஈரம் என்ன செய்யும்? பூச்சு முடிகிற இடம் வரை ஏறி அங்கே வெளிவரும். அதைத்தான் பார்க்கிறீர்கள்.

இதன்மேல் பிவிசி பேனல் போட்டால் ஈரத்துணிக்கு மேல் ரெயின்கோட் போட்ட கதைதான். உப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேனலைப் பிடித்து நிறுத்தும் மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருட்டும் ஈரமும் இருந்தால் கரையானுக்கு வேறென்ன வேண்டும்? ஆசாரியின் அலமாரிக்கும் இதே நிலைமைதான். சுவரோடு சுவராக, தரையோடு தரையாக அடித்த பெட்டியின் முதுகுப் பலகை இரண்டு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிசயம். ‘வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்தான் போடுகிறேன்’ என்பார். பலகையில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடல் தரம் என்று சொல்லப்படும் வகை அது. ஆனால் அதற்கும் சுவரிலிருந்து ஓர் இஞ்சாவது இடைவெளி வேண்டும், தரையிலிருந்து ஆறு இஞ்ச் கால் வேண்டும்.

யூரியா மூட்டையை இங்கிருந்து எடுங்கள் என்று சொல்ல இடநெருக்கடி மட்டும் காரணமில்லை. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்தது தரை வழியாகச் சுவரில் ஏறினால், ஏற்கெனவே பொரிகிற சுவருக்கு இன்னும் உப்பு ஊட்டுகிறீர்கள். ஒரு மூட்டை 45 கிலோ. யாராவது தூக்கிப்போகட்டும் என்று காத்திருக்காமல் கணவரையும் கொழுந்தனாரையும் சேர்ந்து கொல்லைக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லுங்கள், கீழே மரச்சட்டம் போட்டு.

சீட்டுப் பணத்தில் முதல் செலவு இந்தச் சுவருக்குத்தான். சிமென்ட் பூச்சையும் பெயின்டையும், உப்புக் கறை தெரிகிற உயரத்துக்கு மேலே ஓர் அடி வரை, கொத்தி எடுக்க வேண்டும். தை அறுப்பு முடிந்து மாசியில் கொத்தினால் வைகாசி வரை சுவர் திறந்தபடி காயட்டும். உப்பு வெளியே வரவர உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு குழைக்கும் முறையை, கோயில் திருப்பணிகளில் வேலை செய்த கொத்தனார்கள் நம் வட்டாரத்தில் இன்னும் அறிந்திருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள். “சிமென்டும் கொஞ்சம் கலந்தா கெட்டியா இருக்கும்மா” என்று சொல்கிறவரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் ரேழி அலங்கோலமாக இருக்குமே என்று உங்களுக்குத் தோன்றும். இருக்கும்தான்.

மாடம் குடைவது வேண்டாம். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் அது. அவர்கள் சம்மதம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. சம்மதித்தாலும் நான் தடுப்பேன். மெட்ராஸ் டெரஸின் தேக்குக் கட்டைகள் இந்தப் பக்கச் சுவர்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பதினாலு இஞ்ச் சுவரில் ஒன்பது இஞ்ச் குடைந்தால் மேலேயுள்ள பாரம் எதில் இறங்கும்? தஞ்சாவூர் படத்துக்கும் ரேழி ஆகாது. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணக்கட்டித் தூளும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டிய வேலைப்பாடு அது. ஓதம் பட்டால் மேடு உப்பிக் கழன்றுவிடும். கூடத்தில் உள்சுவர் ஒன்றில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். ஒன்று செய்யலாம்: வாசக்கதவை ஒட்டிய சுவரில், தோள் உயரத்தில், விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். விளக்கு வைத்த பழைய மாடக்குழியைப் பிற்காலத்தில் செங்கல் வைத்து அடைத்துப் பூசிய வீடுகள் நிறைய உண்டு. தட்டும்போது சத்தம் வித்தியாசமாகக் கேட்டால், பூச்சைக் கொத்தும் சமயத்தில் அதைத் திறந்துகொள்ளலாம். நாச்சியார்கோவில் விளக்கு சின்னதாக ஒன்று வைக்க அது போதும்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி இரண்டே வரி. தேக்குக் கட்டையில் கரையான் ஏறியதா, மேல்தளம் ஒழுகுகிறதா என்பதை அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளும் வசதி இப்போது உங்களுக்கு இருக்கிறது. காசு கொடுத்து அதை மறைக்காதீர்கள்.

வண்டி, பேட்டரி, மீட்டர்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு குடும்பம் ராத்திரி படுத்திருக்கும் வீட்டுக்கு வெளியேறும் வழி இந்த ரேழி. இப்போதே அதில் பெட்ரோல் ஸ்கூட்டரும் இன்வெர்ட்டரும் பக்கத்தில் பக்கத்தில், கதவு சாத்திய நிலையில் நிற்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கரன்ட் போனதும் இன்வெர்ட்டரில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அந்த ரிலே மாறும்போது பொறி பறக்கலாம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். கசிவு இல்லாததால் ஆகவில்லை.

தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். அதை மூடு அலமாரிக்குள் செருப்புக்குக் கீழே வைப்பது என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். காற்றோட்டமுள்ள இடம்தான் அதற்கு. உங்கள் படத்தைப் பார்த்தால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம், சாரல் அடிக்காத மூலை, பொருத்தமாகத் தெரிகிறது. வயர் இழுக்கும் செலவு பெரிதாக ஆகாது. மீட்டரையும் மெயின் ஸ்விட்சையும் அலமாரிக்குள் பூட்டக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவர் பார்க்க வேண்டும் என்பது சின்னக் காரணம். இருட்டில் யாராவது ஓடிவந்து மெயினை அணைக்க வேண்டி வரலாம் என்பது பெரிய காரணம். எலக்ட்ரீஷியன் வரும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே கரன்ட்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓதம் ஏறிய சுவரில் பழைய ஒயரிங் ஓடும் வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவதில் தப்பில்லை, ரேழியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதில்தான் தப்பு. லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பது அடிக்கடி நடப்பதில்லை. பிடித்தால் அணைப்பது கஷ்டம், புகை விஷம். வெளியே போகும் ஒரே வழியில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணவரை உட்கார வைத்துப் பேசுங்கள். வழிகள் மூன்று உண்டு. வண்டியை வாசலிலேயே நிறுத்தி, திண்ணைச் சுவரில் மழை படாத மூடியோடு தனி சர்க்யூட்டில் பிளக் பாயின்ட் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடலாம். கழற்றும் பேட்டரி உள்ள வண்டியாக வாங்கி, பேட்டரியை மட்டும் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். தெருவில் யாராவது வண்டி நிறுத்த இடம் வாடகைக்கு விட்டால் அதையும் பார்க்கலாம். முதல் வழிக்கே என் ஓட்டு. திருட்டுப் பயம் என்பார் உங்கள் கணவர். கிரில்லின் அடிச்சட்டத்தில் ஒரு வளையம் வெல்டு செய்து சங்கிலி போடட்டும். ஒரு பக்கத் திண்ணையை இடித்து வண்டிக்கு இடம் செய்துகொள்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். அத்தையின் சாயங்காலம் அந்தத் திண்ணையில்தான் கழிகிறது, தவிர அடுத்து நான் சொல்லப்போகும் வேலைக்கும் இரண்டு திண்ணையும் வேண்டும்.

பட்டா வேறு, நடக்கும் உரிமை வேறு

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் பாகம் பிரித்த வீடுகளில் வேலை செய்கிற எவரும் முதலில் கேட்பது பத்திரத்தைத்தான். கணவரும் கொழுந்தனாரும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் ‘ரேழியும் நடையும் பொது’ என்றோ, ‘பி ஷெட்யூல் சொத்துக்காரர் போக வர உரிமை உண்டு’ என்றோ ஒரு வரி இருக்கக்கூடும் (பி ஷெட்யூல் என்பது பத்திரத்தில் இரண்டாவது பங்கின் விவரம்). இருந்தால், பட்டா யார் பெயரில் இருந்தாலும் அந்த வழியை அடைக்கவோ குறுக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. இன்னொருவருடைய வழி உரிமையை அது அழித்துவிடாது.

பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது ஒருவர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கின் வழி அவசியமாக இருந்தால் அந்த உரிமையை ஒப்புக்கொள்கிறது. கொல்லை வழி இருக்கிறதே என்று நீங்கள் வாதாடலாம். மழைக்காலத்தில் நடக்க முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர்களும் அதையேதான் சொல்வார்கள். இருபது வருஷம் தடையில்லாமல், உரிமையாக நடந்துவந்தால் பிறக்கும் உரிமை 15-ஆவது பிரிவில் தனியாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பதைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் உள்ள சிவில் வக்கீல் ஒருவர் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் ஓர்ப்படி கேட்டதை நான் சண்டையாகப் படிக்கவில்லை. ‘எப்படிப் போறது வர்றது’ என்பது நியாயமான கேள்வி, மேலே போட்ட அளவுக் கணக்கும் அதையேதான் கேட்கிறது. ஆசாரி வருவதற்கு முன் ஓர்ப்படியிடம் இந்தத் திட்டத்தைக் காட்டியிருந்தால் மனஸ்தாபமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்போதும் காலம் கடக்கவில்லை. சுவர் வேலையில் அவர்களுக்கும் பயன் உண்டு. செலவில் பங்கு கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம். எது எங்கே வரும், நடுவில் எத்தனை இஞ்ச் வழி எப்போதும் காலியாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைக்கும் உதவும்.

அத்தைக்கு

சாய்தளம் கேட்டிருக்கிறீர்கள். வாக்கரோ சக்கர நாற்காலியோ பத்திரமாக ஏற 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். உங்கள் வாசல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம். 18 அடி நீளச் சாய்தளம் தெருவின் நடுவில் போய்த்தான் முடியும். உள்ளாட்சியில் இடிக்கச் சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் வண்டி மோதும். வண்டி ஏற்ற இப்போது போடுகிற செங்குத்தான பலகையில் அத்தையை ஒருநாளும் நடக்க விடாதீர்கள். அதற்குப் பதில் ஒன்பது இஞ்ச் உயரப் படி இரண்டை ஆறு இஞ்ச் உயரப் படி மூன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் ஓர் அடி அகலமாக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய் வையுங்கள்.

ரேழிக்குள் ஒரு பக்கச் சுவரில் முழு நீளத்துக்குக் கைப்பிடி. கையில் அடங்கும் உருண்டை, 4 சென்டிமீட்டர் தடிமன். சுவருக்கும் அதற்கும் 5 சென்டிமீட்டர் இடைவெளி. தரையிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். அத்தையை நிற்க வைத்துக் கை எங்கே இயல்பாகப் போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பது அவருக்கு ஆபரேஷன் எந்தக் காலில் என்பதைப் பொறுத்தது. பிசியோதெரப்பிஸ்ட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் வெறும் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் ஆள் பாரத்தைத் தாங்காது. பூச்சைக் கொத்திய சமயத்தில் செங்கல்லில் ஆழமாக இரும்புப் பிடிகளைப் பதித்து, அவற்றில் குழாயை மாட்ட வேண்டும்.

தரையில் பளபள டைல்ஸ் வேண்டவே வேண்டாம். உங்கள் பழைய சிவப்புக் காவித் தரை விரிசல் விட்டிருக்கிறது என்கிறீர்கள்; விரிசலைக் காவி கலந்து பூசி அடைத்தாலே இன்னும் பல வருஷம் ஓடும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும், கதவு தட்டும், தரைவழியே காய்ந்துகொண்டிருந்த ஈரமும் சுவருக்கே போகும். ஈரக்காலோடு பிள்ளைகள் ஓடிவந்த இடத்தில் வாக்கரின் ரப்பர் வழுக்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கால்மிதியும் அப்படித்தான்: ஓரம் சுருளும் துணி மிதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, நகராத கனமான ரப்பர் மிதியைத் திண்ணைப் பக்கம் போடுங்கள்.

ஆளுயரக் கண்ணாடி இடத்தைப் பெரிதாகக் காட்டும் என்று கடைக்காரர் சொன்னது நிஜம்தான். ஆனால் பார்வை மங்கிய பெரியவருக்கு எதிரே ஒருவர் வருவதுபோல் அது காட்டும், பிள்ளைகளின் பை மோதும் உயரத்திலும் கண்ணாடி வரும். முகம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி கண் உயரத்தில் போதும். வெளிச்சத்துக்கு வேறு வழி இருக்கிறது. வாசல் நிலைக்கு மேலே கம்பி போட்ட காற்றுப்போக்கியைக் கொசுவுக்காகப் பிளைவுட் வைத்து அடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிரித்துக் கொசுவலை அடியுங்கள். பகல் வெளிச்சம் பாதி அதில் வரும், முற்றத்துக்குப் போகும் காற்றும் திரும்பிவரும். ராத்திரிக்கு, ஆள் நடமாட்டம் பார்த்துத் தானே எரியும் சின்ன எல்இடி விளக்கு இரண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள்.

இனி என்ன வைக்கலாம்

கொஞ்சம்தான். செருப்பு எல்லாம் திண்ணைக்கு. ஒரு பக்கத் திண்ணையின் சுவரோரம் மூன்று தட்டு மரச்சட்டம், பின்பலகை இல்லாமல், காற்று போகிற மாதிரி. டியூஷன் பிள்ளைகள் கிரில்லுக்குள்ளேயே கழற்றிவிட்டு வரட்டும். பையைக் கூடத்துக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். குடைக்கு, அடியில் துளை போட்ட வாளி ஒன்று அதே இடத்தில். எதிர்த் திண்ணை அத்தைக்கும், உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறவர்களுக்கும்.

ரேழிக்குள் கைப்பிடிக்கு எதிர்ச் சுவரில், கதவு வந்து நிற்கும் 2 அடியை விட்டு, 8 இஞ்சுக்கு மேற்படாத ஆழத்தில் முன்பக்கம் சாய்ந்து திறக்கும் பெட்டி ஒன்று, 4 அடி நீளத்துக்கு. சாவி, டார்ச், வெளியே போகும்போது எடுக்கும் சாமான், வீட்டாரின் நல்ல செருப்பு இதற்கெல்லாம் போதும். கணக்குப் பாருங்கள்: 48-இல் பெட்டிக்கு 8, கைப்பிடிக்கு மூன்றரை போனால் முப்பத்தாறரை மிஞ்சுகிறது. பெட்டியின் மூலைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். தலைக்கு மேலே ஏழடி உயரத்தில் ஒரு பரண் பலகை போடலாம், அதுவும் ஓர் அடிக்குள். கனமானது எதுவும் அதில் ஏறக் கூடாது. சட்டை மாட்டும் கொக்கிகளைக் கைப்பிடி இருக்கும் சுவரில் அடிக்காதீர்கள். தொங்குகிற துணியைத்தான் அத்தையின் கை முதலில் பிடிக்கும்.

வேலையின் வரிசையும் முக்கியம். பத்திரம் பார்த்து ஓர்ப்படியிடம் பேசுவது முதலில். பேட்டரியையும் யூரியாவையும் இந்த வாரமே மாற்றிவிடலாம், அதற்கு யாருடைய மதிப்பீடும் தேவையில்லை. வாசப்படி, திண்ணைத் தட்டு இரண்டும் சுவர் காயும் வரை காத்திருக்க வேண்டாம். கைப்பிடியின் இரும்புப் பிடிகள் பூச்சுக்கு முன், குழாய் பூச்சுக்குப் பின். அதுவரை அத்தை நடக்கும் நேரத்தில் யாராவது கூடவே நடக்க வேண்டும். பெட்டி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஆசாரியிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. பத்தடி அலமாரி வேண்டாம் என்றால் முதலில் முகம் சுளிப்பார். திண்ணைத் தட்டு, சாய்ந்து திறக்கும் பெட்டி, பரண் பலகை மூன்றையும் அவருக்கே கொடுங்கள்; வாசக்கதவின் கீழ்ப்பக்கம் மழையில் உப்பித் தரையை உரசுவதாகவும் எழுதியிருந்தீர்கள், அதை இழைத்துச் சரிசெய்கிற வேலையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்தாயிரத்துக்கு மேல் என்ன ஆகும் என்று அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், பலகையின் முத்திரை எண்ணோடு.